புத்தகத்துக்கு ஒரு வாஷ்

அந்த அக்கா எதைக் கையில வாங்கினாலும் முதல்ல உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாங்க. சேலை கொடுத்தா முந்தியைப் பார்க்க மாட்டாங்க, பின்பக்கம் நூல் எப்படி ஓடியிருக்குன்னு பார்ப்பாங்க. பேக்கரியில பப்ஸ் வாங்கினா பிச்சு உள்ள எட்டிப் பார்த்துட்டுத்தான் வாயில போடுவாங்க. ஒரு தடவை எங்க சித்தப்பா மகன் கல்யாணப் பத்திரிகையை நீட்டினேன். உறையைப் பிரிச்சு, உள்ள பசை ஒழுங்கா ஒட்டியிருக்கான்னு விரலை விட்டுத் தடவிப் பார்த்துட்டு, "கல்யாணம் நல்லா நடக்கும் கண்ணு"ன்னாங்க. மாப்பிள்ளை யாரு, பொண்ணு எந்த ஊருன்னு ஒரு வார்த்தை கேக்கல.

அவங்க பேரை இங்க எழுதப் போறதில்ல. எழுதினா, "என்னைய எதுக்கு அம்மிணி சந்திக்கு இழுத்தே"ன்னு கிளம்பி வந்துருவாங்க. எங்களுக்கு அவங்க செக்கிங் அக்கா, அவ்வளவுதான். முதல் ஆறு மாசம் அவங்களைக் கண்டாலே எனக்கு ஆத்திரமா வரும். அப்புறம் அவங்க ஒரு நாள் லீவு போட்டாலும் எனக்கு வேலை ஓடாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல நடந்ததைத்தான் சொல்ல வர்றேன்.

திருப்பூர் ராயபுரத்துல ஒரு மூணு மாடிக் கட்டடம். கீழ ரெண்டு மாடி பனியன் கம்பெனி. மேல் மாடியில, இரண்டாயிரத்து எட்டு வாக்குல, முதலாளியோட மகன் எட்டு கம்ப்யூட்டரைப் போட்டு ஒரு புது வேலை ஆரம்பிச்சார். அவரை நாங்க சின்னவர்னு சொல்லுவோம். வெளிநாட்டுல பழைய அச்சுப் புத்தகத்தையெல்லாம் ஈ-புக் ஆக்கறாங்க, அந்த வேலை சென்னையில ஒரு ஏஜென்சி வழியா நமக்கு வருதுன்னார். முதலாளி மேல ஏறி வந்து பார்த்தார். "புஸ்தகத்தை எதுக்குடா மறுபடியும் புஸ்தகமாக்கறே"ன்னு கேட்டுட்டுக் கீழ போனவர், அந்தப் பக்கம் அப்புறம் வரவே இல்லை. நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடிச்சுட்டு, ஊத்துக்குளியில இருந்து தினம் ரயில்ல வந்துட்டுப் போயிட்டு இருந்தேன். கீழ தையல் மெஷின் எல்லாம் ஒண்ணா ஓடினா எங்க கீபோர்டு லேசா நடுங்கும்.

வேலை இதுதான். புத்தகத்தோட முதுகை வெட்டித் தாள் தாளா ஸ்கேன் பண்ணுவோம். கம்ப்யூட்டர் எழுத்தை மட்டும் பிடிச்சுக் கொடுத்துரும். எது தலைப்பு, எது பத்தி, எது சாஞ்ச எழுத்து, எது அடிக்குறிப்புன்னு அதுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரு குறி, பின்னாடி ஒரு குறி போட்டு நாங்கதான் சொல்லிக் கொடுக்கணும். அந்தக் குறிக்கு டேக்னு பேரு. டேக் சரியா விழுந்தாத்தான் ரீடர்ல, அதாவது ஈ-புக் படிக்கிற கைக் கருவியில, பொருளடக்கத்தை அழுத்தினா அத்தியாயம் திறக்கும், எழுத்தைப் பெருசாக்கினா பெருசாகும். நாங்க முடிச்சதைச் சென்னை ஏஜென்சிக்கு அனுப்புவோம். அவங்க அதை ஒவ்வொரு ரீடருக்கும் ஏத்த வடிவத்துக்குக் கடைசியா ஒரு தடவை மாத்தி வெளிநாட்டுக்கு அனுப்புவாங்க.

அக்கா கீழ பன்னெண்டு வருஷம் செக்கிங் டேபிள்ல நின்னவங்க. தைச்சு வர்ற பனியனை, அவங்க பாஷையில பீஸை, டியூப் லைட் வெளிச்சத்துல விரிச்சு, உள்பக்கம் திருப்பி, தையலை இழுத்துப் பார்த்து, ஓட்டை இருக்கா, எண்ணெய்க் கறை இருக்கா, தையல் விட்டிருக்கான்னு கண்டுபிடிக்கிற வேலை. காலையில நின்னா சாயங்காலம் வரைக்கும் நிக்கணும். கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கிட்டு, கெண்டைக்கால்ல பச்சைப் பச்சையா புடைச்சு நிக்கும். டாக்டர் பார்த்துட்டு, இனிமே நின்னீங்கன்னா நடக்க முடியாதுன்னு சொல்லிப்போட்டார். சின்னவருக்கு மனசு கேக்கல. வெட்டின தாளை வரிசையா அடுக்குற வேலைக்கு மேல கூட்டிட்டு வந்து, சக்கரம் வச்ச நாற்காலி ஒண்ணுல உக்கார வச்சார். அன்னைக்கு அக்கா அந்த நாற்காலியைத் தலைகீழாக் கவுத்து, அடியில ஆணியெல்லாம் இறுக்கமா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் உக்காந்தாங்க. உக்காந்ததும், "பன்னெண்டு வருசத்துல இந்தக் கம்பெனிக்குள்ள இன்னைக்குத்தான் உக்காந்திருக்கறேன் கண்ணு"ன்னு சொன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க, ஆனா எனக்கு என்னமோ மாதிரி ஆயிப்போச்சு.

அவங்களுக்கு எண்ணு நல்லாத் தெரியும். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பாங்க. இங்கிலீஷ்ல பனியன் சைஸ் எழுத்து நாலு தெரியும், எஸ், எம், எல், எக்ஸ். மிச்சம் இருபத்திரண்டும் அவங்களுக்குக் கோலம்தான்.

மூணாவது நாளோ நாலாவது நாளோ, என் பின்னாடி வந்து நின்னாங்க. கையில அச்சுத் தாள்.

"ஏங் கண்ணு, இங்க இந்த எழுத்து காத்தடிச்ச பயிராட்டம் சாஞ்சிருக்குது. உன்ற பெட்டியில நேரா நிக்குதே?"

பார்த்தேன். சாஞ்ச எழுத்துக்கு டேக் விட்டுப் போயிருந்துச்சு. ஒரு இடத்துல இல்லை, அந்த அத்தியாயம் முழுக்க. எனக்கு வந்ததே கோபம். நான் டிகிரி படிச்சிருக்கேன், ஒரு எழுத்துத் தெரியாத அம்மா என் பின்னாடி நின்னு எனக்குத் தப்புச் சொல்றதா? "அதெல்லாம் அப்புறம் மாத்திக்குவோம்க்கா"ன்னு ரோசத்தோட சொன்னேன்.

"மாத்திக்கோ சாமி. அப்படியே இதையும் பாரு. இந்தக் கோட்டுக்குக் கீழ இருக்கற குட்டி எழுத்தெல்லாம் உன்ற பெட்டியில நடுப்பத்தியில வந்து குந்தியிருக்குது."

அடிக்குறிப்பு. அதுவும் என் தப்புத்தான். பக்கத்துல இருந்த எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. அடுத்த வாரத்துல இருந்து சின்னவர் அவங்களைத் தரம் பார்க்கிற வேலைக்கே போட்டுட்டார்.

இதுல ஒரு விஷயம் எனக்கு அப்புறமாத்தான் புரிஞ்சுது. நமக்குப் படிக்கத் தெரியும். கண்ணு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு ஓடும், விட்டுப் போனதைத் தானா நிரப்பிக்கும். அக்காவுக்கு அந்தச் சங்கடமே இல்லை. அவங்களுக்குப் பக்கம்னா துணிதான். எங்க இழை மாறுதோ அங்க கை நின்னுரும்.

ஆனா அந்த அம்புக் கூத்தைச் சொல்லாம விட முடியாது. பனியன்ல தப்பு இருந்தா அந்த இடத்துல சின்னதா ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, தைக்கிறவங்க பார்த்துச் சரி பண்ணுவாங்க. அக்கா மேல வரும்போது அந்த ஸ்டிக்கர் கட்டையும் மடியில கட்டிக்கிட்டு வந்துட்டாங்க. தப்பு கண்ட இடத்துல எல்லாம் மானிட்டர் கண்ணாடி மேலயே ஒட்டிட்டாங்க. ஒட்டிட்டு, பக்கத்தை நகர்த்திட்டு, அடுத்ததுக்கும் ஒட்டிட்டாங்க. மதியச் சாப்பாடு முடிஞ்சு வந்து பார்க்கறேன், திரை முழுக்க அம்பு. ஒவ்வொரு அம்பும் காட்டற இடத்துல அரை மணி நேரம் உத்து உத்துப் பார்க்கறேன், எல்லாம் சரியாத்தான் இருக்கு. தலை சுத்திப் போச்சு.

"அக்கா, பக்கம் நகர்ந்துருச்சு. அம்பு நகரலை."

அக்கா ரொம்ப நேரம் யோசிச்சாங்க. "பனியன் நகராது கண்ணு. இது என்ன பொழப்பு, பீஸ் ஓடிப்போயிருது, ஸ்டிக்கர் மட்டும் நிக்குது." அதுக்கப்புறம் ஒவ்வொரு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம். அதுல ஒட்டி ஒட்டிக் கொடுத்தாங்க. என் மானிட்டர் ஓரத்துல சொரண்டியும் வராத அம்பு ஒண்ணு கடைசி வரைக்கும் இருந்துச்சு.

டேக் எல்லாம் தெரியிற மாதிரி ஃபைலைத் திறந்து ஒரு நாள் காட்டினேன், சும்மா விளையாட்டுக்கு. அக்கா நாற்காலியை உருட்டிக்கிட்டுக் கிட்ட வந்தாங்க. கண்ணு பெருசாச்சு.

"இதுதான் உள்பக்கமா? இத்தனை நாளா வெளிப்பக்கத்தையா காமிச்சுட்டு இருந்தே என்கிட்ட?"

"ஆமாங்க்கா."

"என்ன கண்ணு இது, இவ்வளவு பிசிரு?"

உண்மைதான். ஸ்கேன் பண்ற சாஃப்ட்வேர் ஒவ்வொரு வரிக்கும் தேவையில்லாத டேக் பத்தைப் போட்டு வச்சிருக்கும். வெளிய பார்த்தா பளபளன்னு இருக்கும், உள்ள நூல் நூலாத் தொங்கும். ஒரே வார்த்தை நடுவுல டேக் புகுந்து ரெண்டாப் போயிருக்கும், ரீடர்ல அந்த வார்த்தைக்கு அகராதியில அர்த்தம் பார்த்தா வராது. "வெட்டு"ன்னாங்க. டேக் போடற நாங்க ஆறு பேரும் உக்காந்து ஒரு வாரம் பிசிர் வெட்டினோம். ஃபைல் பாதி எடை ஆச்சு. சின்னவர் என்னடா மாயம்னு கேட்டார்.

எங்ககிட்ட ரீடர் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. சின்னவர் யாரோ தெரிஞ்சவங்க மூலமா வெளிநாட்டுல இருந்து வரவழைச்சது. பீரோவுல, புது சாம்பிள் பனியன் ஒண்ணுல சுத்தி வச்சிருப்பார். அதைக் கையில கொடுத்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு வாஷ் எப்படிப் போடறது?"

பனியனுக்கு வாஷ் போட்டுப் பார்க்காம அனுப்பக் கூடாது. துவைச்சாத்தான் சுருங்குதா, சாயம் போகுதான்னு தெரியும். புத்தகத்தை எப்படித் துவைக்கிறது? நான் எழுத்தைப் பெருசாக்கற பட்டனைக் காட்டினேன். அக்கா அதை ஆறு தடவை அழுத்தினாங்க. எழுத்து கட்டெறும்பு கணக்கா வீங்குச்சு. மறுபடி சின்னதாக்கினாங்க. மறுபடி பெருசு. தலைப்பு மட்டும் உடைஞ்சு ரெண்டு பக்கத்துல போய் விழுந்துச்சு. அட்டவணையைச் சோம்பேறித்தனப்பட்டுப் படமா ஒட்டி வச்சிருந்தோம், அது அசையவே இல்லை. "பாத்தியா, சுருங்கிப் போச்சு"ன்னு அம்பு ஒட்டினாங்க. அன்னையில இருந்து எழுத்தைப் பெருசு சின்னது பண்ணிப் பார்க்கறதுக்கு எங்க ஆபீஸ்ல வாஷ்னுதான் பேரு. இன்னொரு நாள் அந்த ரீடர் புத்தகத்தை வாய் விட்டுப் படிக்கும்னு தெரிஞ்சுது. பட்டனை அழுத்தினா ஒரு அம்மா குரல் இங்கிலீஷ்ல படிக்கும். அக்காவுக்குத் தலைகால் புரியல. காதுல வச்சுக்கிட்டுக் கண்ணை மூடி உக்காந்துக்குவாங்க. திடீர்னு கையைத் தூக்குவாங்க. "இங்க இவளுக்கு விக்கல் வருது." போய்ப் பார்த்தா, பக்க எண் வாக்கியத்து நடுவுல ஒட்டிக்கிட்டு இருக்கும், இல்லைன்னா அத்தியாயத்து முதல் எழுத்து தனியாப் பிரிஞ்சு நிக்கும். ஒரு விக்கல் கூடத் தப்பினது கிடையாது.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாப் போயிட்டு இருக்கும்போதுதான் சென்னையில இருந்து அந்த மெயில் வந்துச்சு. படிக்கிறவங்ககிட்ட இருந்து புகார் வருதாம். எழுத்தைப் பெருசாக்கினா புத்தகத்துல சில பகுதி பெருசாக மாட்டேங்குதாம். நாங்க எங்க ஃபைலைத் திறந்து பார்த்தோம், எல்லாம் ஒழுங்காப் பெருசாச்சு. அப்படித்தான் பதில் போட்டோம். மறுபடி புகார். மறுபடி பார்த்தோம். பைத்தியம் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. மூணாவது மெயில்ல ஒரு புது விதி போட்டுட்டாங்க. தரம் பார்க்கிறவங்க எல்லாருக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரிஞ்சிருக்கணும். அடுத்த வாரம் ஒருத்தர் நேர்ல வந்து படிக்க வச்சுச் சோதிப்பார். தெரியாதவங்களை அந்த வேலையில இருந்து எடுத்துரணும்.

சின்னவர் அக்காவைக் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னார். "மேல வேற வேலை இல்லீங்க்கா. தாள் அடுக்கறதுக்கு இப்போ மெஷின் வந்துருச்சு. கீழதான் போகணும்."

கீழன்னா செக்கிங் டேபிள். செக்கிங் டேபிள்னா நிக்கறது. ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டு யாரும் பனியன் பார்க்க முடியாது, துணி முழுசும் கைக்கு எட்டாது. அக்கா "சரிங்க தம்பி"ன்னாங்க. எந்திரிக்கும்போது சேலையை இழுத்துக் காலை மூடிக்கிட்டாங்க. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. வீம்பும் வந்துச்சு.

"அக்காவைப் படிக்க வைப்போம்"ன்னேன்.

"ஒரு வாரத்துலயா?"ன்னு பக்கத்து சீட்டுக்காரி கேட்டா.

"படிக்க வேண்டாம். படிக்கிற மாதிரி இருந்தாப் போதும்."

திருட்டுத்தனம்தான், ஒத்துக்கறேன். எந்தப் புத்தகத்துல சோதிப்பாங்கன்னு மெயில்லயே போட்டிருந்துச்சு, அதுக்கு முந்தின மாசம் நாங்க செஞ்சு அனுப்பின ஒரு நாவல். முதல் அத்தியாயத்தைத்தான் எல்லாரும் திறப்பாங்க. அதோட முதல் பத்தி, எங்க ரீடர்ல நடு அளவு எழுத்துல வச்சா, சரியா ஒரு திரை. அடுத்த திரையில ஒரு கடிதம் வரும், ரெண்டு பக்கமும் உள்ள தள்ளி, கொஞ்சம் சின்ன எழுத்துல. திட்டம் இவ்வளவுதான். அக்கா முதல் திரையை மனப்பாடமாச் சொல்லிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பி, கடிதம் வந்துருச்சுன்னு பார்த்துட்டு, போதுமா சார்னு ரீடரைத் திருப்பிக் கொடுத்துரணும். நான் அந்தப் பத்தியைத் தமிழ் எழுத்துல எழுதிக் கொடுத்தேன். அர்த்தம் சொல்லிக் கொடுக்க நேரமில்லை, சத்தம் மட்டும்தான்.

அக்கா வீட்டுக்கு, அருள்புரத்துக்குப் போற பஸ்ல நின்னு, இல்லை, உக்காந்து, அதைச் சத்தமாச் சொல்லியிருக்காங்க. கண்டக்டர் ஏதோ மந்திரம்னு நினைச்சு மரியாதையா ஒதுங்கிப் போனாராம். ரெண்டு நாள்ல பத்தி முழுசும் வந்துருச்சு. ஆனா ஒரே ஒரு சிக்கல்.

"சொல்லுங்க்கா, கேக்கறேன்."

"த ரெயின் ஹேட் ஸ்டாப்டுங்க. மார்த்தா ஓப்பன்ட் த கேட்டுங்க. ஷி லுக்ட் டவுன் த ரோடுங்க."

நாங்க ஆறு பேரும் மேசைக்கு அடியில போய்ட்டோம். ஒருத்தி புரையேறித் தண்ணி குடிக்க ஓடினா.

"அக்கா, 'ங்க' வேண்டாம்."

"ஏனுங்க கண்ணு? அத்தனாம் பெரிய மனுசன் சென்னையில இருந்து வர்றாரு. அவரு மூஞ்சிக்கு நேரா மொட்டையாவா பேசறது? இங்கிலீசா இருந்தா என்ன, மரியாதைன்னு ஒண்ணு இல்லையா?"

அந்த 'ங்க'வை எடுக்கறதுக்குத்தான் மிச்ச நாலு நாளும் போச்சு. நான் கையில ஸ்கேலை வச்சுக்கிட்டு, 'ங்க' வரும்போதெல்லாம் மேசையில தட்டுவேன். அக்கா வாயைப் பொத்திக்குவாங்க. கடைசி நாள் சுத்தமா, ஒரு 'ங்க' இல்லாம, பத்தி முழுசையும் சொன்னாங்க. சொல்லி முடிச்சுட்டு, யாரையோ திட்டிப்போட்ட மாதிரி மனசு என்னமோ பண்ணுதுன்னாங்க.

அந்த ஆளு வந்தார். முப்பது வயசு இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, கையில சொந்தமா ஒரு ரீடர். வெளிநாட்டுல விக்கிற அதே புத்தகம் அதுல இருக்கறதாச் சொன்னார். தன்மையான மனுஷன், அதுதான் வினையாப் போச்சு. அக்காவுக்கு எதிர்ல உக்காந்து, முதல் அத்தியாயத்தைத் திறந்து நீட்டினார். எல்லாம் எங்க திட்டப்படியே. அக்கா ரீடரை வாங்கி, வழக்கம் போலத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துட்டு, முகத்துக்குக் கிட்ட வச்சாங்க.

"எழுத்து சின்னதா இருக்கோ மேடம்? இருங்க"ன்னார். பாவம், நல்ல எண்ணத்துலதான். பட்டனை நாலு தடவை அழுத்திட்டார்.

எனக்கு உசிரே போயிருச்சு. ஒரு திரையில இருந்த பத்தி இப்போ மூணு திரைக்கு நீண்டிருக்கும். நான் பின்னாடி நின்னுக்கிட்டுக் கையை ஆட்டறேன், தொண்டையைச் செருமறேன். அக்கா என்னைப் பார்க்கலை. ஆரம்பிச்சுட்டாங்க.

"த ரெயின் ஹேட் ஸ்டாப்டுங்க."

நாலு நாள் உழைப்பு முதல் வரியிலயே போச்சு. ஆளை நேர்ல பார்த்ததும் மரியாதை பொங்கி வந்துருச்சு. அவர் உதட்டைக் கடிச்சுக்கிட்டுச் சிரிப்பை அடக்கினார். அக்கா கடகடன்னு போறாங்க. திரையில இருக்கறது மூணே வாக்கியம். அது முடிஞ்சு, மார்த்தா ரோட்டைப் பார்த்து, வீட்டுக்குள்ள போய், விளக்கேத்தி, அடுப்புப் பக்கம் வந்தாச்சு. பக்கம் இன்னும் அந்த கேட் கிட்டயே நிக்குது. அவர் சிரிப்பு மெல்ல மறைஞ்சு, ரீடரையும் அக்கா வாயையும் மாத்தி மாத்திப் பார்க்கறார். சின்னவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார்.

அக்கா கம்பீரமா முடிச்சாங்க. முடிச்சுட்டுப் பட்டனை அழுத்தினாங்க, கடிதம் வரும்னு. வரலை. புருவம் சுருங்குச்சு. மறுபடி அழுத்தினாங்க. மூணாவது திரையில பத்தியோட வால் வந்து, அதுக்குக் கீழ கடிதம் ஆரம்பிச்சுது.

அக்கா கை அப்படியே நின்னுது.

"இதென்னங்க இது?"

"என்ன மேடம்?"

"மேல எல்லாம் இவ்வளவு பெருசாச்சு. இது மட்டும் ஊசி முனையாட்டம் அப்படியே கிடக்குதே?"

பரீட்சை, நாற்காலி, கால், எல்லாம் அக்காவுக்கு மறந்து போச்சு. அவர் கையை அக்கட்டால தள்ளிட்டு, வாஷ் போட ஆரம்பிச்சுட்டாங்க. பெருசு. சின்னது. பெருசு. சின்னது. சுத்தி இருந்த எழுத்தெல்லாம் ஏறி இறங்குது, கடிதம் மட்டும் அசையலை. நிமிர்ந்து பார்த்து, தீர்ப்புச் சொல்ற மாதிரிச் சொன்னாங்க.

"இது எங்க பீஸ் இல்லீங்க."

"நீங்க அனுப்பின ஃபைல்தான் மேடம். நாங்க ரீடருக்கு ஏத்த மாதிரி மாத்தினோம், அவ்வளவுதான்."

"எங்களது வாஷ் போட்டு வந்ததுங்க. எங்ககிட்ட இது பெருசாகும். கண்ணு, நம்ம பீஸை எடுத்துட்டு வா."

நான் ஓடிப்போய் பீரோவைத் திறந்து, பனியனைப் பிரிச்சு, எங்க ரீடரைக் கொண்டு வந்து பக்கத்துல வச்சேன். நாலு தடவை அழுத்தினேன். எங்க கடிதம் மத்த எழுத்தோட சேர்ந்து கூடவே வளர்ந்துச்சு. நாங்க டேக்ல எழுதி வச்சது, பக்கத்து எழுத்து எவ்வளவோ அதுல முக்கால் பங்குன்னு. சென்னையில வடிவம் மாத்தற சாஃப்ட்வேர் அதை அழிச்சுட்டு, இந்த அளவுதான்னு ஒரே எண்ணைப் போட்டு அடிச்சு நிறுத்திருச்சு. புகார் வந்த அத்தனையும் இதுதான். மூணு மாசமா எங்களைத் திட்டிட்டு இருந்த தப்பு அவங்க வீட்டுத் தப்பு.

அவர் ரெண்டு ரீடரையும் கையில வச்சுக்கிட்டு மாத்தி மாத்தி அழுத்திப் பார்த்தார். "நேத்து இந்தப் பக்கத்தை நான் நாலு தடவை படிச்சேன்"ன்னார். யாரும் கேக்காமலே சொன்னார்.

அப்போதான் அக்காவுக்கு எங்க இருக்கோம்னு ஞாபகம் வந்துச்சு. முகம் சுண்டிப் போச்சு. சேலையைக் காலுக்கு இழுத்து விட்டுக்கிட்டாங்க.

"சார், பொய் சொல்லிப்போட்டேனுங்க. எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாதுங்க. புள்ளைக என் கால் நோவைப் பார்த்துட்டு மனப்பாடம் பண்ண வச்சாங்க. அவிகளை ஒண்ணும் சொல்லிறாதீங்க."

"தெரியுங்க"ன்னார் அவர். சென்னைக்காரர் வாயில 'ங்க' வந்துச்சு. பையில இருந்து படிவத்தை எடுத்தார். இங்கிலீஷ் படிக்கத் தெரியுமான்னு ஒரு கட்டம். நான் எட்டிப் பார்த்தேன். இல்லைன்னுதான் எழுதினார். பொய் எழுதலை. அதுக்குக் கீழ, குறிப்புன்னு இருந்த இடத்துல, இவரை இந்த இடத்தில் இருந்து மாற்றக் கூடாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் கார் தெருமுனை திரும்பற வரைக்கும் பொறுத்தோம். அப்புறம் ஆபீஸ் ஆபீஸா இல்லை. ஆளாளுக்கு அக்காவை நாற்காலியோட சேர்த்து ஹால் முழுக்கச் சுத்திச் சுத்தி உருட்டினோம். கீழ இருந்து முதலாளி ஆள் அனுப்பி என்ன சத்தம்னு கேட்டார். அக்கா "விடுங்க சாமி, விழுந்துருவேன், விடுங்க"ன்னு கத்திக்கிட்டே, விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சக்கரம் ஒண்ணு கழண்டு ஓடினதும்தான் நிறுத்தினோம்.

எல்லாரும் டீ குடிக்கப் போனப்புறம் அக்கா என்னைக் கூப்பிட்டாங்க. எங்க ரீடர் இன்னும் அவங்க மடியிலதான் இருந்துச்சு.

"கண்ணு, அந்தக் கடுதாசி பெருசாகாம நின்னுச்சே. அதுல என்ன எழுதியிருக்குது?"

அந்தக் கடிதத்துக்கு டேக் போட்டது நான். உள்ள தள்ளினது நான். அளவு எழுதினது நான், வாஷ் போட்டதும் நான். அந்த ரெண்டு வருஷத்துல என் கை வழியாப் போன புத்தகத்துக்குக் கணக்கில்லை. ஒண்ணுல கூட ஒரு வரி, என்ன சொல்லுதுன்னு நான் படிச்சதில்லை. அக்காவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். வெக்கமாப் போச்சு.

"தெரியலைக்கா"ன்னேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. அப்புறம் பக்கத்து நாற்காலியைக் காலால இழுத்துப் போட்டாங்க. உக்காந்து, எழுத்தை நல்லாப் பெருசாக்கிட்டு, ஒவ்வொரு வரியா இங்கிலீஷ்ல படிச்சுத் தமிழ்ல சொன்னேன். மார்த்தாவுக்கு அவ அம்மா எழுதின கடிதம். கூரை வேஞ்சாச்சு. உன் அறையை யாருக்கும் விடலை. உங்க அப்பா வாயைத் திறந்து சொல்ல மாட்டார், ஆனா தினமும் உன் தட்டையும் சேர்த்து வைக்கச் சொல்றார். நீ ஒண்ணும் கொண்டு வர வேண்டாம். சும்மா வா.

அக்கா அந்தப் பெரிய எழுத்து மேல விரலை வச்சுத் தடவினாங்க.

"பாவிக," அப்படின்னாங்க மெதுவா. "இதையவா கண்ணுக்குத் தெரியாம பண்ணி வச்சாங்க?"

"சாஃப்ட்வேர் பண்ணினதுக்கா."

"அந்தப் புள்ள போகுதா?"

"தெரியாதுக்கா. இன்னும் படிக்கல."

"பின்ன எதுக்கு என்ற மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இருக்கறே? பக்கத்தைத் திருப்பு."